பதினேழாம் எண் ரத்தம்

பிப்ரவரி 4

தம்பி பீப்பாய்க்கு,

உன் அக்கா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று மரியாதைக்குக் கேட்கவில்லை. இந்தக் கடிதமே அதைக் கேட்கத்தான்.

ஏன் கடிதம் என்பாய். போன் நமக்குச் சரிப்படவில்லை. நான் உடம்பைப் பற்றி வாயைத் திறந்தால் போதும், "சிக்னல் சரியில்லக்கா" என்கிறாய். போன வாரம் நீ அப்படிச் சொன்னபோது பின்னால் உன் பெண்டாட்டியின் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. தாளுக்கு சிக்னல் வேண்டாம்.

நேற்று லேபில் ஒருவருக்கு ரத்தம் எடுத்தேன். படிவத்தில் வயது நாற்பத்தொன்பது. கையை நீட்டிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். உடம்பைப் பற்றிப் பேச்செடுத்தால் அப்பா இப்படித்தான் திருப்பிக்கொள்வார். எனக்கு ஒரு நிமிடம் நரம்பே அகப்படவில்லை. இந்த வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது, இப்படி ஆனதில்லை.

அப்பாவுக்கும் நாற்பத்தொன்பதுதான். வேலை பார்த்த டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போய்விட்டார். முந்தின நாள்கூட, தலைவலி மாத்திரை போட்டறியாத உடம்பு என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தார். அவர் ரத்தத்தை ஒருவரும் எடுத்துப் பார்த்ததில்லை. உனக்கு வருகிற செப்டம்பரில் நாற்பத்தொன்பது.

கேட்பது ஒன்றுதான். வெறும் வயிற்றில் போய் கொலஸ்ட்ரால் பார்த்துவிட்டு, ரிப்போர்ட்டை அப்படியே அனுப்பு. "நல்லாருக்கு" என்று ஒரு வார்த்தையில் எழுதி ஏமாற்றாதே. எனக்கு எண் வேண்டும்.

உன் பெண்டாட்டி குச்சியைக் கேட்டதாகச் சொல். அவள் உடம்பைப் பார்த்தாவது உனக்கு வெட்கம் வர வேண்டும்.

அக்கா

—

பிப்ரவரி 20

கொசு அக்காவுக்கு,

உன் லேபில் உனக்கு வைத்திருக்கிற பெயர் எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? இங்கே நாங்கள் இருவரும் சுகம். தொப்பையும் சுகம்.

உன் கடிதத்தைக் குச்சிக்கு வாசித்துக் காட்டினேன். "வெக்கமாவது, அவருக்கா?" என்று சிரித்தாள். இரண்டு பெண்களும் சேர்ந்துவிட்டீர்கள், நடத்துங்கள்.

ஆனால் நீ நினைக்கிற மாதிரி இல்லை அக்கா. விடியுமுன் பேக்கரிக்குள் நுழைந்தால் மதியம்வரை நான் உட்காருவதே இல்லை. மாவு மூட்டை தூக்குகிறேன், ட்ரே இழுக்கிறேன், அடுப்புக்கும் மேஜைக்கும் நடக்கிற நடையைக் கோடாகப் போட்டால் உன் ஊருக்கே வந்துவிடும். இன்னொன்று, பேக்கரிச் சாமான் எதையும் நான் வாயில் வைப்பதில்லை. வெண்ணெயும் வனஸ்பதியும் வேகிற வாசனை இருபது வருடமாக மூக்கில் ஏறி, பிஸ்கட்டைப் பார்த்தாலே குமட்டுகிறது. உடைந்த பிஸ்கட்டையும் ஓரம் கருகின கேக்கையும் ஒரு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறேன், குச்சிக்கு. அவள் மெஷினை விட்டு எழுந்திருக்காமல் டீயில் தொட்டு அதையே மதியச் சாப்பாடாக முடித்துக்கொள்கிறாள். என்ன தின்றாலும் அவள் உடம்பில் ஒட்டுவதில்லை. எனக்குத் தண்ணீர் குடித்தாலும் தொப்பை. கொடுத்துவைத்தவள்.

சரி, தப்பிக்க வழியில்லை என்று தெரிகிறது. அடுத்த மாதம் எங்கள் முதலாளி வேலையாட்களுக்கும் வீட்டுக்காரிகளுக்கும் ரத்தப் பரிசோதனை முகாம் வைக்கிறாராம். அதில் பார்த்துக்கொள்கிறேன். போதுமா?

ஆமாம், உன் ரிப்போர்ட் எப்படி? அப்பா உனக்கும் அப்பாதானே?

தம்பி

—

மார்ச் 1

தம்பிக்கு,

சுகம். லேபை மூன்றாம் மாடிக்கு மாற்றிவிட்டார்கள். லிஃப்ட் பழுது, சரிசெய்ய ஆள் வருவான் வருவான் என்று பத்து நாளாகிறது. ஏறி முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறேன். மற்றபடி குறையில்லை.

முகாமுக்குப் போகிறேன் என்றதில் சந்தோஷம். ஆனால் நான் உன்னோடு வளர்ந்தவள். பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி மட்டும் படிக்கிற ஆள் நீ. முகாமுக்கு இரண்டு நாள் முன்னால் பட்டினி கிடந்து எண்ணைக் குறைக்கலாம் என்று கணக்குப் போடாதே. எப்போதும் சாப்பிடுவதைச் சாப்பிடு. முந்தின இரவோடு நிறுத்திவிட்டு, காலையில் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போ.

முகாம் என்றால் கூட்டம் அலைமோதும். டியூபில் உன் எண் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று உன் கண்ணால் பார். ஊசி குத்துவதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மாதம்தான் ஆனது. ஸ்டிக்கர் விஷயத்தில் பயப்படக் கற்றுக்கொள்ள இரண்டு வருடம் ஆனது. அங்கே ஒன்று மாறினால் நோயாளி வீட்டில் மாத்திரை இல்லாமல் இருப்பான், நோயில்லாதவன் மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பான். என் கையில் இதுவரை ஒன்றுகூட மாறியதில்லை. எனக்கு இருக்கிற பெருமை அது ஒன்றுதான்.

குச்சியும் கொடுக்கட்டும். அவளுக்கென்ன, சும்மா ஒரு பேருக்கு.

அக்கா

—

மார்ச் 27

அக்கா,

சுகம். ரிப்போர்ட் இதோடு இருக்கிறது. என் எண் பதினேழு. மொத்தக் கொலஸ்ட்ரால் 271, கெட்டது 182 என்று போட்டிருக்கிறது. பக்கத்தில் சிவப்பில் அம்புக்குறி வேறு.

இந்த மாதிரி எண் வந்தவருக்கு உடனே ஏதாவது ஆகிவிடுமா, இல்லை அவகாசம் இருக்குமா? ஒல்லியாக இருப்பவர்களுக்கும் இப்படி வருவதுண்டா? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். சாப்பாட்டிலேயே குறைக்க முடியுமா? என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒன்று விடாமல் எழுது. சீக்கிரம் எழுது.

உன் ரிப்போர்ட் பற்றி நீ எழுதவில்லை.

தம்பி

—

ஏப்ரல் 2

தம்பிக்கு,

சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு. கடிதம் கிடைத்த அன்றே எழுதுகிறேன். பயப்படாதே, நான் பயந்தது போதும். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் காப்பி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த ஆளுக்கு ரத்தம் எடுத்தேன்.

உடனே எதுவும் ஆகாது. குழாய்க்குள் பாசி ஏறுகிற மாதிரி மெல்ல மெல்லச் சேருகிற சமாசாரம் இது. அதனால்தான் அவகாசம் இருக்கிறது, அதனால்தான் ஆட்கள் ஏமாறவும் செய்கிறார்கள். ஒல்லியானவர்களுக்கும் வரும். தாராளமாக வரும். இங்கே வருகிறவர்களில் மூங்கில் மாதிரி இருப்பவர்களின் எண்ணைப் பார்த்து நானே பலமுறை டியூபைச் சரிபார்த்திருக்கிறேன்.

முதல் வேலை டாக்டர். மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்பதை அவர் சொல்லட்டும், நானும் நீயும் சொல்ல வேண்டாம். அதற்கு நடுவில் வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வனஸ்பதி, வெண்ணெய் சேர்ந்த எதுவும் வீட்டுக்குள் நுழையக் கூடாது. பொரித்ததை மறந்துவிடு. காலையில் ஓட்ஸ். மதியம் பருப்போ பயறோ ஒரு கிண்ணம் நிறைய, காய்கறி அதைவிட நிறைய. பழத்தைச் சாறு பிழியாமல் கடித்துத் தின்ன வேண்டும். கொறிக்கத் தோன்றினால் உப்புப் போடாத வாதுமை ஒரு கை, உன் கை இல்லை, சாதாரண மனிதர் கை. தினமும் முக்கால் மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். பேச முடியணும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். பேக்கரிக்குள் நடந்தது கணக்கில் சேராது.

நீ சிகரெட்டை விட்டு ஒன்பது வருடம் ஆனதற்கு இன்று நூறு தடவை சந்தோஷப்பட்டேன்.

குச்சியின் ரிப்போர்ட் நன்றாகத்தானே இருந்தது?

அக்கா

—

ஏப்ரல் 30

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதத்தைச் சமையலறைச் சுவரில் ஒட்டியாகிவிட்டது. "வீட்டுல மாமியார் இல்லாத குறைய உங்கக்கா தீத்து வெச்சுட்டாங்க" என்று குச்சி சொல்கிறாள்.

பிஸ்கட் டப்பா நின்றது. முதல் நாள் வெறுங்கையோடு வந்தபோது, "எங்கே?" என்றாள். முதலாளி இனிமேல் தருவதில்லை என்று சொன்னேன். நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இப்போது மதியம் பேக்கரியிலிருந்து வந்ததும் நானே பயறு வேகவைத்து, வெங்காயம் தக்காளி வெட்டிப் போட்டு, மெஷின்மேல் கொண்டுபோய் வைக்கிறேன். பாதி கிண்ணத்தை ஒதுக்கினாள். பக்கத்தில் நின்று முறைத்தேன், சாப்பிட்டாள். ஓட்ஸைப் பார்த்து "இது கஞ்சியா, பசையா?" என்றாள். பழம் நறுக்கிப் போட்ட பிறகு சத்தம் இல்லை.

சாயந்திரம் ஐந்தரைக்கு நடை. கால்வாய் ஓரமாகப் போய், பழைய பாலம் ஏறி, தண்ணீர்த் தொட்டி வரை. முதல் வாரம் பாலத்தில் ஏறும்போது அவளுக்குக் கால் வலித்தது. இப்போது வலிப்பதில்லை. வழியெல்லாம் மற்றவர்களுடைய சட்டையைக் குறை சொல்லிக்கொண்டு வருகிறாள், யாருக்குத் தோள் சரியில்லை, யாருக்குக் கழுத்து இறக்கம் என்று. உட்கார்ந்தே தைக்கிறவள் ஆயிற்றே, மணிக்கு ஒரு தடவை எழுந்து நாலு எட்டு நடக்கட்டும் என்று மெஷின் பக்கத்தில் ஒரு அலாரம் வாங்கி வைத்தேன். அது அடித்தால் என்னைத் திட்டிவிட்டு எழுந்திருக்கிறாள். சுருக்கு சுருக்கென்று இருந்த இடுப்பு வலி குறைந்திருக்கிறதாம்.

டாக்டரிடம் போக வேண்டும். போவேன்.

லிஃப்ட் சரியாகிவிட்டதா? இன்னும் மூச்சு வாங்குகிறதா? மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன், உன் ரிப்போர்ட் எங்கே?

தம்பி

—

மே 11

தம்பிக்கு,

லிஃப்ட் சரியாகவில்லை.

உன் கடிதத்தை நாலு தடவை வாசித்தேன். முதல் தடவை சிரித்தேன். இரண்டாம் தடவை, பரவாயில்லை, பெண்டாட்டியை நன்றாகக் கவனிக்கிறானே என்று நினைத்தேன். மூன்றாம் தடவை உறைத்தது. கொலஸ்ட்ரால் உனக்கு. ஆனால் பயறு சாப்பிட்டவள் அவள். கால் வலித்தது அவளுக்கு. அலாரம் அவளுக்கு. அவ்வளவு நீளக் கடிதத்தில் நீ வாயைத் திறந்து எதையாவது சாப்பிட்டதாக ஒரு வரி இல்லை.

எழுந்து போய் உன் ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அன்றைக்குக் கொலஸ்ட்ராலைப் பார்த்து அழுத அவசரத்தில் மேலே இருந்ததைப் படிக்கவே இல்லை. ஹீமோகுளோபின் 10.4. மாவு மூட்டை தூக்குகிற ஆளுக்கு, உன் கனத்தில், பத்துப் புள்ளி நாலா? இந்த எண்ணை நான் தினமும் பார்க்கிறேன். தன் தட்டை மறந்துவிட்டு மற்றவர் தட்டை நிரப்புகிற பெண்களின் எண் அது.

பீப்பாய், பதினேழாம் எண் யாருடைய ரத்தம்?

அக்கா

—

ஜூன் 8

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்தேன். எங்கள் சுகத்தைப் பற்றி எழுதத்தான் போகிறேன்.

அது குச்சியின் ரத்தம்.

முகாமில் ஆளுக்கு ஒரு அட்டை கொடுத்தார்கள். அதன்மேல் எண் போட்ட ஸ்டிக்கர், வெறும் எண் மட்டும். மேஜைக்குப் போனதும் அதை உரித்து டியூபில் ஒட்டுவார்கள். பெயர்ப் பதிவேட்டில் எனக்குப் பதினேழு, அவளுக்குப் பதினெட்டு. அவள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். இரண்டு அட்டையும் என் கையில். வரிசையில் எனக்கு முன்னால் எட்டுப் பேர். நீ நம்ப மாட்டாய், எனக்கு வேர்த்துக் கொட்டியது. டிக்கெட் கவுண்டர்தான் கண்ணுக்குள் வந்தது. என் எண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை அக்கா. பார்த்தால் அன்றிலிருந்து செப்டம்பர்வரை நாளை எண்ணிக்கொண்டிருப்பேன். அவள் ஒல்லி, அவள் எண் நன்றாகத்தான் வரும், அதை உனக்கு அனுப்பிவிட்டால் நீயும் நிம்மதியாக இருப்பாய் என்று நினைத்து நகத்தால் இரண்டையும் உரித்து மாற்றி ஒட்டிவிட்டேன். அரை நிமிட வேலை.

உறை வந்தபோது என் பெயரில் 271. அவள் பெயரில் 188, ஒரு அம்புக்குறிகூட இல்லை. அந்த 188 நான். என்னை நினைத்து ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். மறைக்க மாட்டேன், பட்டேன். அடுத்த நொடி எனக்கு அந்த பிஸ்கட் டப்பா ஞாபகம் வந்தது. பதினைந்து வருடமாகத் தினம் ஒரு டப்பா. நான் வாயில் வைக்கக் கூசுகிறதை ஆசையாகக் கட்டி எடுத்து வந்து அவளுக்குக் கொடுத்திருக்கிறேன்.

அவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? தன் உயிருக்குப் பயந்து பெண்டாட்டி ரத்தத்தைத் தன் பெயரில் போட்டவன் என்று தெரிந்தால் என்னை எப்படிப் பார்ப்பாள்? டாக்டரிடம் போகாததும் அதனால்தான். என் பெயர் போட்ட காகிதத்தைக் காட்டி அவளுக்கு மாத்திரை கேட்க முடியாது. அதற்காக, நீ எழுதியதையெல்லாம் அவளுக்குச் செய்தேன்.

அக்கா, ஸ்டிக்கர் பற்றி நீ எழுதியது எனக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

தம்பி

—

ஜூன் 13

தம்பிக்கு,

எனக்கு வருகிற கோபத்துக்கு இந்தப் பேனா போதாது.

பயறு வேகவைத்தாய், சரி. நடக்க வைத்தாய், அதுவும் சரி. ஆனால் ஒரு மனுஷியின் உடம்பில் இருப்பதை அவளிடம் சொல்லாமல் இரண்டரை மாதம் வைத்திருக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது? அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை என்றுதானே இத்தனை வருடமும் புலம்பிக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் கடிதத்தை மடித்து வைப்பதற்கு முன் போய்ச் சொல். மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்தச் சொல்லிவிட்டுச் சொல். அவள் என்ன நினைத்தாலும் வாங்கிக்கொள். பிறகு அவளை டாக்டரிடம் கூட்டிப் போ. ரத்தக் குறைவையும் காட்டு.

அக்கா

—

ஜூன் 29

அன்புள்ள அண்ணிக்கு,

குச்சி வணக்கத்தோடு எழுதுகிறேன். கல்யாணமாகி இருபத்தோரு வருடத்தில் நான் உங்களுக்கு எழுதுகிற முதல் கடிதம் இது. இங்கே இருவரும் நலம், நிஜமாகவே நலம்.

உங்கள் தம்பி சொல்லிவிட்டார். உங்கள் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டே வந்து, "மெஷின நிறுத்து" என்றார். நிறுத்தினேன். தரையில் உட்கார்ந்தார். ஒரு பெரிய உடம்பு அழும்போது பார்க்கப் பாவமாக இருக்கிறது அண்ணி. முழுக்கச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். பிறகு, "எனக்குத் தெரியும்" என்றேன்.

தண்ணீர் குடித்துவிட்டு வரும்போதே பார்த்தேன். உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வந்து என் அட்டையை வாங்கினேன். ஸ்டிக்கரில் அவர் விரல் மாவு பட்டு, ஒட்டாமல் ஓரம் எழும்பி நின்றது. நான்தான் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினேன். அவர் முகத்தில் வேர்வையைப் பார்த்தேன். மனிதர் பயந்துபோயிருக்கிறார், என் எண்ணால் அவருக்கு நிம்மதி வருமென்றால் வரட்டும், பிறகு மெல்லப் பேசி அவரைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எனக்கு இப்படி வரும் என்று எனக்கும் தோன்றவில்லை. அவரைத் திட்டாதீர்கள், திட்டினால் என்னையும் சேர்த்துத் திட்டுங்கள்.

உறையைப் பிரித்த அன்றைக்கே எந்த எண் யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஏப்ரலில், அவர் பேக்கரியில் இருக்கும்போது, நானே டாக்டரிடம் போனேன். மறுபடி என் பெயரில் எடுத்துப் பார்த்தார். அதே மாதிரிதான் வந்தது. என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார், சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். மூன்று மாதம் பழக்கத்தை மாற்றிப் பார்ப்போம், இறங்காவிட்டால் மாத்திரை என்றார். ரத்தத்துக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார். அதை நூல் டப்பாவில் வைத்துச் சாப்பிட்டு வருகிறேன்.

ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். அவரும் கேட்டார்.

இருபத்தோரு வருடமாக நான் எழுந்திருக்கும்போது அவர் பக்கத்தில் இருந்ததில்லை. அவர் வரும்போது நான் மெஷினில் இருப்பேன், அவர் தூங்குவார். நான் முடிக்கும்போது அவர் மறுபடி படுக்கப் போவார். ஒரு வீட்டில் இரண்டு ஷிப்டு. இப்போது சாயந்திரம் ஐந்தரைக்குச் செருப்பை எடுத்து வாசலில் வைத்துவிட்டு, "கெளம்பு, கெளம்பு" என்கிறார். பாலத்தில் ஏறும்போது எனக்குத் தெரியாமல் என் முகத்தைப் பார்க்கிறார், மூச்சு வாங்குகிறதா என்று. எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டால் அந்த நடை நின்றுவிடுமோ என்று பயந்தேன் அண்ணி. அவ்வளவுதான் காரணம்.

நிற்கவில்லை. சொன்ன அன்றைக்கும் போனோம். அன்றைக்கு யாருடைய சட்டையையும் நான் குறை சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதங்களை எல்லாம் அவர் எனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார், மார்ச், ஏப்ரல் கடிதங்களை அப்போதே, மே கடிதத்தை எல்லாம் சொல்லி முடித்த பிறகு. உங்கள் ரிப்போர்ட்டை அவர் மூன்று தடவை கேட்டார். நீங்கள் மூன்று தடவையும் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விட்டீர்கள். மூன்றாம் மாடிக்கு இரண்டு இடத்தில் நின்று ஏறுகிறீர்கள். தைக்கிறவள் நான், பிரிந்த தையல் என் கண்ணில் படும். மறைக்கிற வீட்டில் பிறந்தவர்கள் நீங்கள் இரண்டு பேரும். நான் வாழ வந்தவள், நானும் கற்றுக்கொண்டேன். இப்போது நாங்கள் இருவரும் சொல்லிவிட்டோம். நீங்கள் மட்டும்தான் பாக்கி.

உங்கள் எண் என்ன, அண்ணி?

குச்சி

—

ஜூலை 28

அக்காவுக்கு,

நாங்கள் நலம். குச்சியின் புது ரிப்போர்ட்டை அனுப்புகிறேன். அவள் பெயர், அவள் ரத்தம், சத்தியமாக. மொத்தம் 218, கெட்டது 139. ஹீமோகுளோபின் 11.8. மாத்திரை இப்போது வேண்டாம், இப்படியே தொடருங்கள், நாலு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். நானும் என் பெயரில் மறுபடி கொடுத்தேன். 185. "தொப்பையக் கொறைங்க, ரொம்ப ஆடாதீங்க" என்றார்.

குச்சி எழுதி ஒரு மாதம் ஆகிறது. பதில் இல்லை. போன் செய்தால் நீ "சிக்னல் சரியில்ல" என்கிறாய். அது என் வசனம் அக்கா.

எழுது.

தம்பி

—

செப்டம்பர் 6

தம்பிக்கும் குச்சிக்கும்,

இருவரும் சேர்ந்து உட்கார்ந்து வாசியுங்கள், மெஷினை நிறுத்திவிட்டு.

குச்சியின் கடிதத்தை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு ஒரு மாதம் நல்ல பிள்ளையாக வேலைக்குப் போய் வந்தேன். பதில் எழுத உட்கார்ந்தால் எழுத ஒன்றும் இல்லை. எண் இருந்தால்தானே எழுத முடியும்? இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை ஆயிரம் கைகளைக் குத்தியிருப்பேன், என் கையை ஒரு நாளும் நீட்டியதில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொள்வேன். டியூபும் ஊசியும் இருக்கிற அறையிலேயே இருப்பவளுக்கு நேரமில்லை. அப்பாவைப் போல நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். மற்றவர் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அதில் என் கை மறைந்துபோயிற்று.

தம்பி, உன்னைத் திட்டி எழுதிய கடிதத்துக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன், அது சரியான கடிதம். விலாசம்தான் இரண்டு போட்டிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டேன். இடது தோளில் ஒரு கனம். ஐந்து நிமிடத்தில் போய்விட்டது. வழக்கம்போல யாரிடமும் சொல்லாமல் எழுந்து வேலைக்குப் போயிருப்பேன். "நீங்கள் மட்டும்தான் பாக்கி" என்று குச்சி எழுதியது ஞாபகம் வந்தது. மேலே போனதும் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் கையை நீட்டினேன். அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, உங்களுக்கா?" என்றாள். வலிக்கிறது தெரியுமா? எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும் என்று இத்தனை வருடம் எல்லோரிடமும் பொய் சொல்லியிருக்கிறேன்.

என் எண் 294. கெட்டது 203.

பயப்படாதீர்கள். டாக்டரிடம் அன்றைக்கே போனேன். இதயத்தில் என்னென்ன பார்க்க வேண்டுமோ அத்தனையும் பார்த்தார்கள். ஒரு குழாயில் அடைப்பு ஆரம்பித்திருக்கிறது, இன்னும் மூடவில்லை. இவ்வளவுக்குப் பழக்கம் மட்டும் போதாது என்று மாத்திரையும் கொடுத்திருக்கிறார். "உங்க அப்பாவுக்கு இந்த மாத்திரை கிடைக்கல, உங்களுக்குக் கிடைச்சிருக்கு, ஒழுங்கா போடுங்க" என்றார். "இன்னும் ஆறு மாசம் கழிச்சு வந்திருந்தா நான் இப்படி உக்காந்து பேசிக்கிட்டு இருக்க மாட்டேன்" என்றும் சொன்னார்.

லேபுக்கு எதிர்க் கடையில் தினம் இரண்டு வெண்ணெய் பன் தின்றேன் என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். நிறுத்தியாயிற்று. காலையில் ஓட்ஸ். குச்சி சொன்னது சரி, அது பசைதான். சாயந்திரம் ஐந்தரைக்கு நானும் கிளம்பிவிடுகிறேன். டாக்டர் சொன்ன அளவுக்கு, மெதுவாக. அந்த நேரத்தில் நீங்கள் பாலத்தில் ஏறிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்வேன். தனியாக நடக்கிற மாதிரி இல்லை.

பீப்பாய், வருகிற பதினான்காம் தேதி உனக்கு நாற்பத்தொன்பது. நான் ஊருக்கு வருகிறேன். கேக் சுடாதே. மூன்று பேரும் தண்ணீர்த் தொட்டி வரை போய் வருவோம்.

குச்சி, உன் கடிதத்தை இப்போது பூட்டி வைக்கவில்லை. ரிப்போர்ட்டோடு சேர்த்து வைத்திருக்கிறேன். இதோ, ரிப்போர்ட்டின் நகலை உங்களுக்கு அனுப்புகிறேன். மேலே பெயரைப் பாருங்கள். அந்தப் பெண் பதற்றத்தில் ஸ்டிக்கரைக் கோணலாக வைத்தாள். வாங்கி என் டியூபில் நானே ஒட்டினேன், ஓரம் எழும்பாமல்.

அக்கா